காணாமற்போன செய்தியாளரைத் தேடுவது யார்?

1989ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் திகதியும் அதற்கடுத்த நாளும் வல்வெட்டித்துறையில் இந்திய அமைதிப் படையினரால் 60க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் தீக்கிரையாக்கப்பட்டன. அன்று அந்தச் செய்தியை உள்ளபடி எழுதி அச்சிட்டு வெளியிடக்கூடிய நிலையில் குடாநாட்டுப் பத்திரிகைகள் இருக்கவில்லை. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், 1987 ஒக்டோபரில், 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகிய பத்திரிகைகளின் அச்சகங்கள் அதே படையினரால் தகர்க்கப்பட்டிருந்தன. வல்வெட்டித்துறைப் பிரஜைகள் குழுவினர் உயிர் தப்பியோரின் சத்தியக்கூற்றுகளை ஒவ்வொன்றாகச் சேகரித்தனர். 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் ரீட்டா செபஸ்தியான், லண்டன் 'பினான்சியல் ரைம்ஸ்' பத்திரிகையின் டேவிட் ஹவுஸ்கோ போன்றோர் எழுதியதன் பின்னரே உலகம் அதனை அறிந்தது. அந்தச் சாட்சியங்கள் ஜோர்ஜ் பெர்னாண்டஸின் முயற்சியால் இந்தியாவில் நூலாகவும் வெளிவந்தன.

இந்தப் பழைய வரலாற்றை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஓர் ஊரின் துயரம் செய்தியாக வெளிவருவதற்கு அவ்வூரில் ஒரு செய்தியாளர் இருக்க வேண்டும். அவர் எழுதுவதை அச்சிட ஒரு பத்திரிகை இருக்க வேண்டும். இவ்விருவருக்கும் ஆபத்து நேரும்போது குரல் கொடுக்க ஒரு சங்கம் இருக்க வேண்டும். இம்மூன்றில் மூன்றாவதைப் பற்றியே நம் மத்தியில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. ஊடகவியலாளர் சங்கங்கள் என்பன மே 3ஆம் திகதி கூட்டம் நடத்துவதற்கும் அறிக்கை விடுவதற்கும் உரியவை என்ற எண்ணமே பொதுமக்களிடம் மட்டுமன்றி ஊடகவியலாளர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. இது எவ்வளவு தவறான எண்ணம் என்பதை வடமராட்சியின் ஒரு சம்பவமே எடுத்துக்காட்டும்.

2007ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி, 'தினக்குரல்', 'வலம்புரி' ஆகிய பத்திரிகைகளின் வடமராட்சிச் செய்தியாளரான சுப்பிரமணியம் இராமச்சந்திரன் காணாமற்போனார். கலிகைச் சந்தியிலிருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்ட நிலையிலேயே அவர் இறுதியாகக் காணப்பட்டார். அதற்குச் சில காலத்துக்கு முன்னர் அவர் சட்டவிரோத மணல் வியாபாரம் தொடர்பாக எழுதியிருந்ததைச் சர்வதேசப் பத்திரிகைச் சுதந்திர அமைப்புகள் பதிவு செய்துள்ளன. வல்வெட்டித்துறையிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள அந்தச் சந்தியைத் தாண்டி அவர் வீடு திரும்பவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. எவரும் தண்டிக்கப்படவும் இல்லை.

அவர் தலைநகரில் அமர்ந்து ஆசிரியத் தலையங்கம் எழுதியவர் அல்லர். பிரதேசச் செய்தியாளர். நமது பத்திரிகைகளின் உயிர்நாடி இத்தகையவர்கள்தான். எனினும் ஊடகத்துறையின் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிற்பவர்களும் இவர்களே. மாதச் சம்பளம் இல்லை. அனுப்பும் செய்திக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பனவு. நியமனக் கடிதம் இல்லை; ஊழியர் சேமலாப நிதி இல்லை; காப்புறுதி இல்லை. நியமனக் கடிதம் இல்லாதவர் தொழிற்சங்கத்தில் அங்கம் பெறுவதும் எளிதன்று. ஆகவே ஆபத்து வரும்போது அவருக்காக முதலில் குரல் எழுப்ப வேண்டியவர் யார் என்பதே தெளிவில்லாமற் போகிறது.

யாழ். குடாநாட்டின் அக்கால நிலையை வாசகர்கள் நன்கறிவர். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி, ஊரடங்கு வேளையில், உயர்பாதுகாப்பு வலயத்தின் நடுவே இருந்த தமது வீட்டில் மயில்வாகனம் நிமலராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். பி.பி.சி., 'வீரகேசரி' ஆகியவற்றோடு சிங்கள வாரப் பத்திரிகையான 'ராவய'வுக்கும் செய்தி அனுப்பியவர் அவர். 2006 மே 2ஆம் திகதி 'உதயன்' காரியாலயத்தினுள் புகுந்த ஆயுததாரிகள் இரு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றனர். யுனெஸ்கோவின் உலக பத்திரிகைச் சுதந்திர தின மாநாடு அந்த ஆண்டு கொழும்பிலேயே நடந்துகொண்டிருந்தது என்பது விதியின் விளையாட்டு அன்று; கொலையாளிகளின் துணிச்சலுக்கு அத்தாட்சி. அதே ஆண்டு ஆகஸ்டில் 'நமது ஈழநாடு' பத்திரிகையின் முகாமைப் பணிப்பாளர் சின்னத்தம்பி சிவமகாராஜா கொல்லப்பட்டார். ஏ-9 பாதை மூடப்பட்டதும் பத்திரிகைத் தாளுக்கே பஞ்சம் ஏற்பட்டது, பக்கங்கள் சுருங்கின. 2007 ஏப்ரல் 29ஆம் திகதி 'உதயன்' செய்தியாளர் செல்வராஜா ரஜீவர்மனும், ஆகஸ்ட் முதலாம் திகதி மாணவ ஊடகவியலாளர் சகாதேவன் நிலக்‌ஷனும், 2008 மே 28ஆம் திகதி தொலைக்காட்சிச் செய்தியாளர் தேவகுமாரும் பலியாகினர். கிழக்கில் ஐயாத்துரை நடேசனும் (2004), சுப்பிரமணியம் சுகிர்தராஜனும் (2006), கொழும்பில் தர்மரத்தினம் சிவராமும் (2005) கொல்லப்பட்டமை இந்தத் தொடரின் ஏனைய கண்ணிகள்.

நேர்மையாகப் பேசுவதாயின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 'தினமுரசு' பத்திரிகையின் பாலநடராஜ ஐயர் 2004 ஆகஸ்டிலும், ஒலிபரப்பாளர் ரேலங்கி செல்வராஜா 2005 ஆகஸ்டிலும் கொழும்பில் கொல்லப்பட்டபோது விரல்கள் விடுதலைப் புலிகளை நோக்கி நீண்டன. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் தம் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, அந்த அநீதியைக் கண்டிக்கும் சுதந்திரம் குடாநாட்டுப் பத்திரிகை எதற்கும் இருக்கவில்லை. ஆயுதத்தின் நிழலில் எந்தப் பத்திரிகையும் முழுமையாகச் சுதந்திரமாக இருந்ததில்லை. அந்த ஆயுதத்தை ஏந்தியவர் யார் என்பதைப் பொறுத்துப் பத்திரிகைச் சுதந்திரத்தின் இலக்கணம் மாறுவதில்லை. கொல்லப்பட்டவர் நம்மவரா, மாற்றுக் கருத்துடையவரா என்று பார்த்துக் கண்ணீர் விடும் சங்கம் அரசியற் கட்சியாகலாம், தொழிற்சங்கமாகாது.

இந்த இருண்ட காலத்தில் ஊடக அமைப்புகள் என்ன செய்தன? ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது பெரும் அநீதியாகும். 1955இல் உருவான இலங்கை உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம், 1990களின் தொடக்கத்தில் தோன்றிய சுதந்திர ஊடக இயக்கம், ஊடக ஊழியர் தொழிற்சங்க சம்மேளனம், ஸ்ரீலங்கா முஸ்லிம் மீடியா போரம், இலங்கைத் தமிழ் ஊடகவியலாளர் ஒன்றியம் ஆகிய ஐந்து அமைப்புகளும் யுத்தத்தின் உக்கிர காலத்தில் கூட்டாகச் செயற்பட்டன. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என நாடே பிளவுண்டு கிடந்த வேளையில் ஒரே அறிக்கையில் ஐந்து அமைப்புகளும் கையொப்பமிட்டமை சாதாரண விடயமன்று. சர்வதேச ஊடக அமைப்புகளின் குழுக்கள் 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் இலங்கைக்கு வந்தன. 2007 ஜூனில் அவை யாழ்ப்பாணத்துக்கும் வந்து அங்குள்ள ஊடகவியலாளரின் நிலையை நேரில் கண்டு அறிக்கையிட்டன.

அதற்காக இந்தச் சங்கங்களின் தலைவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. உழைக்கும் பத்திரிகையாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்த போத்தல ஜயந்த, யுத்தம் முடிந்து இரண்டு வாரங்களே கழிந்த நிலையில், 2009 ஜூன் முதலாம் திகதி கடத்தப்பட்டுக் கடுமையாகத் தாக்கப்பட்டு வீதியோரத்தில் வீசப்பட்டார். பின்னர் அவர் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. சிங்களவரான அவர் தாக்கப்பட்டது சங்கம் நடத்தியமைக்காகவே எனலாம்.

சங்கங்களின் விடாமுயற்சி பலன் தந்த இடங்களும் உண்டு. ஜே.எஸ்.திசநாயகம் 2008 மார்ச்சில் கைது செய்யப்பட்டு, எழுதிய எழுத்துக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்டில் 20 வருடக் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டார். உள்நாட்டு, வெளிநாட்டு ஊடக அமைப்புகள் அவ்விவகாரத்தை ஒரு நாளும் கைவிடவில்லை. அமெரிக்க ஜனாதிபதியின் பத்திரிகைச் சுதந்திர தின அறிக்கையில் அவர் பெயர் இடம்பெறும் அளவுக்கு அது கொண்டு செல்லப்பட்டது. 2010 ஜனவரியில் பிணை கிடைத்தது. அதே ஆண்டு மே மாதம் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. சட்டத்துறையிலும் இவ்வாறே. பத்திரிகை ஆசிரியர்களைச் சிறைக்கு அனுப்பக்கூடியதாக இருந்த குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது, 1998ஆம் ஆண்டின் கொழும்புப் பிரகடனம் முதல் ஊடக அமைப்புகள் நடத்திய இயக்கத்தின் விளைவு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறுவதற்குப் பின்னாலும் ஏறத்தாழ இரு தசாப்த காலக் கோரிக்கை இருந்தது. இன்று காணி விபரமோ பிரதேச சபைச் செலவோ கேட்டு விண்ணப்பிக்கும் சாதாரண மனிதர் ஒருவர், அந்த உரிமையின் ஒரு பகுதி பத்திரிகையாளர் சங்கங்களின் உழைப்பினால் வந்தது என்பதை அறிந்திருக்க மாட்டார்.

அவ்வாறாயின் குறை எங்கே? நீண்டகால வழக்குகளைப் பின்தொடர்வதில்தான். இதற்கு இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொலை செய்யப்பட்டார். அவ்வழக்குடன் தொடர்புடைய சந்தேக நபர்கள் மூவரை விடுவிக்கலாம் எனச் சட்டமா அதிபர் 2025 ஜனவரி இறுதியில் ஆலோசனை வழங்கியபோது கொழும்பு கொந்தளித்தது. குடும்பத்தினர் குரல் எழுப்பினர், ஊடக அமைப்புகள் வீதிக்கு இறங்கின, தலையங்கங்கள் எழுதப்பட்டன. சில வாரங்களுக்குள், பெப்ரவரியில், அந்த ஆலோசனை மீளப் பெறப்பட்டது.

நிமலராஜன் வழக்கிலும் அத்தகைய ஒரு கட்டம் வந்தது. சந்தேக நபர்களுக்கு எதிராக மேலும் நடவடிக்கை எடுப்பதில்லை என்று சட்டமா அதிபர் திணைக்களம் 2021இல் தீர்மானித்தது. சர்வதேச அமைப்புகள் கண்டித்தன. யாழ்ப்பாணத்து ஊடகவியலாளர்கள் வேதனை வெளியிட்டனர். ஆனால் கொழும்பில் கொந்தளிப்பு ஏற்படவில்லை. தீர்மானம் மீளப் பெறப்படவும் இல்லை. அடுத்த ஆண்டு, 2022 பெப்ரவரியில், இக்கொலை தொடர்பாக ஒருவரைக் கைது செய்தது இலங்கைப் பொலிஸ் அல்ல. பிரித்தானியப் பொலிஸின் போர்க்குற்ற விசாரணைப் பிரிவு. அவர் பின்னர் விசாரணை தொடரும் நிலையில் விடுவிக்கப்பட்டார்.

இரண்டு வழக்குகளுக்கும் இடையிலான வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அரசாங்கம் மாறியிருந்தது, சூழல் மாறியிருந்தது. எனினும் ஒரு காரணத்தை மறைப்பதற்கில்லை. லசந்தவின் வழக்கேட்டை ஒவ்வொரு தவணையிலும் திறந்து பார்ப்பதற்கு ஆட்கள் இருந்தனர். நிமலராஜனின் வழக்கேட்டுக்கு அவ்வாறான காவல் இருக்கவில்லை. இந்நாட்டில் கொல்லப்பட்ட, காணாமலாக்கப்பட்ட ஊடகவியலாளரில் மிகப் பெரும்பான்மையினர் தமிழர்கள். அவர்களுக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டப்படுகிறது, தீபம் ஏற்றப்படுகிறது. அது மரியாதை. ஆனால் வழக்கு இலக்கம் என்ன, அடுத்த தவணை எப்போது, விசாரணைக் கோவை எந்தத் திணைக்களத்தில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வோர் அரிது. நினைவேந்தல் நீதிக்குத் துணை நிற்கலாம். நீதியின் இடத்தை அது பிடித்துவிடக் கூடாது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். 2009 நவம்பர் 23ஆம் திகதி மகிந்தனாவோ மாகாணத்தில் 58 பேர் ஒரே நாளில் படுகொலை செய்யப்பட்டனர். அவர்களில் 32 பேர் ஊடகத்துறையினர். பலர் நமது பிரதேசச் செய்தியாளர்களைப் போன்று மாகாணப் பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் சொற்ப ஊதியத்துக்குப் பணியாற்றியவர்கள். குற்றஞ்சாட்டப்பட்டோர் ஆட்சிப் பீடத்துக்கு நெருக்கமான பலம் வாய்ந்த குடும்பத்தினர். வழக்கு பத்து வருடங்கள் இழுபட்டது. ஆனால் அந்நாட்டு ஊடகவியலாளர் சங்கம் கொல்லப்பட்டோரின் குடும்பங்களை விட்டு அகலவில்லை. விவகாரம் மறக்கப்படவும் விடவில்லை. 2019 டிசம்பரில் பிரதான எதிரிகளுக்கு ஆயுட்காலச் சிறைத்தண்டனைக்கு ஒப்பான தண்டனை கிடைத்தது. முழுமையான நீதி என்று கூற முடியாவிடினும், பத்து வருடங்கள் கழிந்த பின்னரும் நீதி வரலாம் என்பதற்கு அது சான்று. மறுபுறம், 2023 ஒக்டோபரின் பின்னர் காஸாவில் 150க்கும் மேற்பட்ட ஊடகவியலாளர்கள் கொல்லப்பட்டுள்ளனர். அந்தப் பெயர்களும் திகதிகளும் அழிந்துவிடாமல் பதியப்படுவதில் பலஸ்தீன ஊடகவியலாளர் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. நீதிமன்றம் என்றோ ஒருநாள் கூடும். ஆனால் அன்று அதன் முன் வைக்க ஆவணம் இருக்க வேண்டுமல்லவா?

நம் நாட்டின் முஸ்லிம் சமூகத்துக்கும் இந்த விடயத்தில் நேரடி அக்கறை உண்டு. 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது பிரதான தொலைக்காட்சிகள் முதல் நாட்களில் காட்டிய மௌனத்தை எவரும் மறந்துவிடவில்லை. 2020இல், கொவிட் தொற்றினால் மரணித்தோரின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்களில், சில ஊடகங்களே ஒரு சமூகத்தை நோய் பரப்புவோராகச் சித்திரித்தன. அதே ஆண்டு மே மாதம், தமிழில் எழுதிய கவிதைத் தொகுதி ஒன்றுக்காக இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். ஒன்றரை வருடத்துக்கு மேல் தடுப்பில் இருந்து, 2021 டிசம்பரில் பிணை பெற்று, 2023 டிசம்பரில் நிரபராதியென விடுவிக்கப்பட்டார். திசநாயகத்தை வளைத்த அதே சட்டம் அஹ்னாபையும் வளைத்தது. இருவரும் எழுதியவர்கள், இருவரும் சிறுபான்மையினர். இந்த ஒற்றுமையைத் தமிழ், முஸ்லிம் ஊடக அமைப்புகள் உரிய அளவில் உணர்ந்துள்ளனவா என்பது சிந்தனைக்குரியது. ஒரே மொழியில் எழுதுவோர் தனித்தனிச் சங்கங்களாக இருப்பதில் தவறில்லை. ஆனால் ஒருவர் கைதாகும்போது மற்றவரின் சங்கம் செய்தியை அறிந்துகொள்ளப் பத்திரிகை வரும்வரை காத்திருக்குமாயின், அது தவறே.

அச்சுறுத்தல் பழங்கதையாகிவிடவுமில்லை. 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவில் மரக் கடத்தல் பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற கணபதிப்பிள்ளை குமணனும் சண்முகம் தவசீலனும் தாக்கப்பட்டனர். அதே குமணன் 2025 ஆகஸ்டில் பயங்கரவாதத் தடுப்பு விசாரணைப் பிரிவினால் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஊடக அமைப்புகளின் எதிர்ப்பையும் மீறி நிறைவேற்றப்பட்டது. துப்பாக்கியின் இடத்தை அழைப்பாணை பிடித்திருக்கிறது எனலாம். உயிர் போகவில்லை என்பது ஆறுதல். ஆனால் விசாரணைக்குப் போய் வந்த செய்தியாளரின் பேனா அடுத்த நாள் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அழைப்பாணை அனுப்புவோர் நன்கறிவர்.

இந்நிலையில் சங்கங்கள் செய்யக்கூடியவை யாவை? முதலாவதாக, கொல்லப்பட்ட, காணாமற்போன ஒவ்வொரு ஊடகவியலாளருக்கும் ஒரு கோவை திறக்கப்பட வேண்டும். முறைப்பாட்டு இலக்கம், நீதிமன்றம், தவணை, சட்டமா அதிபரின் நடவடிக்கை ஆகியன அதில் பதியப்பட வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்கள அமைப்புகளின் பிரதிநிதிகள் சேர்ந்து தவணைகளுக்குச் செல்ல வேண்டும். முன்னர் கூட்டாக அறிக்கை விட்ட ஐந்து அமைப்புகளால் இது முடியாத காரியமன்று.

இரண்டாவதாக, பிரதேசச் செய்தியாளருக்கு நியமனக் கடிதமும் காப்புறுதியும் பெற்றுக் கொடுக்க வேண்டும். இங்கே எதிரில் நிற்பது அரசாங்கமன்று, பத்திரிகை நிறுவனங்கள். தமிழ் நிறுவனங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. பத்திரிகைச் சுதந்திரம் பற்றித் தலையங்கம் எழுதும் நிறுவனம், தனக்காக உயிரைப் பணயம் வைக்கும் செய்தியாளரைத் தன் ஊழியரென ஏற்க மறுப்பது பெரும் முரண்பாடு. வருமானம் உறுதியில்லாத செய்தியாளரை அச்சுறுத்துவதிலும் விலைக்கு வாங்குவது சுலபம் என்பது அதிகாரத்தில் உள்ளோருக்குத் தெரியாததன்று. இந்தியாவில் உழைக்கும் பத்திரிகையாளரின் வேலை நிபந்தனைகளுக்கென 1955இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது தொழிற்சங்கங்களின் கோரிக்கையினால்தான் என்பதை நம் சங்கங்கள் நினைவிற் கொள்ளலாம்.

மூன்றாவதாக, வடக்கு கிழக்கில் ஊடகவியலாளருக்கெனச் சட்டத்தரணிகள் குழு ஒன்று தயாராக இருக்க வேண்டும். அழைப்பாணை கிடைத்தவர் தனியாகப் பொலிஸ் நிலையப் படி ஏறக்கூடாது. காணாமற்போன முதல் சில மணித்தியாலங்களே பெறுமதி வாய்ந்தவை. கலிகைச் சந்தியின் கதையும் அதையே சொல்கிறது.

நான்காவதாக, சங்கங்கள் தம் சுயாதீனத்தைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். சலுகைக் கடன், காணி, மடிகணினி என மாறி மாறி வந்த அரசாங்கங்கள் நீட்டிய கரங்களைப் பற்றிக்கொண்ட அமைப்பு, பின்னர் அதே கரத்தைச் சுட்டிக்காட்டத் தயங்கும். தொழில் ஒழுக்கமும் இதனோடு சேர்ந்தது. 2003இல் பத்திரிகைத்துறையே முன்வந்து முறைப்பாட்டு ஆணைக்குழுவை அமைத்தது, வாசகருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டுள்ளோம் என்பதை ஏற்றதனால்தான். இன வெறுப்பைக் கக்கும் செய்திக்குச் சங்கமே கண்டனம் தெரிவிக்குமாயின், கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவர அரசுக்கு முகாந்திரம் இராது.

வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. செய்தியாளர் ஒருவர் மறிக்கப்படும்போது பாதிக்கப்படுவது அவர் குடும்பம் மட்டுமன்று. மணல் களவு போன ஊரும், காணி இழந்த விவசாயியும், பிள்ளையைத் தேடும் தாயும் தம் குரலை இழக்கிறார்கள். 1989இல் வல்வெட்டித்துறை மக்களுக்குப் பிரஜைகள் குழு ஒன்று இருந்தது; சாட்சியங்களை அது காத்தது. இராமச்சந்திரனின் பெயர் அவ்வாறு காக்கப்படுமா என்பது இன்று அவருடைய சக ஊடகவியலாளரின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பெப்ரவரி 15ஆம் திகதியும் அவர் எங்கே என்ற கேள்வி உரிய அலுவலகத்தின் மேசையில் எழுத்து மூலம் வைக்கப்பட வேண்டும். பதில் வரும் வரை வைக்கப்பட வேண்டும். சங்கம் என்பதன் பொருள் அதுவே.